மூன்று ஆட்டக்காரர்களுக்கு ஓய்வு

1978ஆம் வருடம், சித்திரை மாதத்து வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணிக்கு, சேரங்கோடு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில், வேலையாட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் இருந்தவர்கள் இவர்கள்: வேலைக்கு ஆள் பிரித்துப் பேர் போடும் ஃபீல்டு ஆபீசர் ஹெர்பர்ட், மேல் டிவிஷன் கால்பந்து அணியின் கேப்டன் அழகையா, கோல் அடிக்கும் வடிவேல், கோல் காக்கும் லிங்கசாமி, செடிக்கு மருந்தடிக்கும் நாச்சிமுத்து, கொழுந்தெடுக்கும் பெண்களோடு அழகையாவின் மனைவி அன்னக்கிளி, அன்னக்கிளியின் அண்ணனும் கீழ் டிவிஷன் கேப்டனுமான இருளப்பன். இவர்களைத் தவிர எண்பது தொழிலாளர்களும், யாருக்கும் சொந்தமில்லாத ஒரு நாயும். ஹாஜா பாய் அங்கே இல்லை. இருந்ததாகப் பிற்பாடு அவரே சொல்லிக்கொண்டார். அவர் அந்த நேரத்தில் சேரம்பாடி பஜாரில் தம் கடைக்குள் பூட்ஸுக்குக் கயிறு தேடிக்கொண்டிருந்தார்.

அன்று மேல் டிவிஷனுக்கும் பஜார் கடைக்காரர்களுக்கும் பத்து மணிக்கு ஆட்டம். வருடா வருடம் நடக்கிற சிநேக ஆட்டம். ஞாயிறு சந்தை நாள். கடையை விட்டு யாரும் வர மாட்டார்கள். அதனால் வெள்ளிக்கிழமை கடை அடைத்து, ஜும்மாவுக்கு முன்னால் ஆடி முடித்து, தொழுகை முடிந்ததும் ஹாஜா பாய் வீட்டில் எல்லாரும் சாப்பிடுவார்கள். யார் ஜெயித்தார்கள் என்பது பந்தி பரிமாறுவதற்குள் மறந்துபோகும். பஜார் அணியில் பாதிப் பேருக்குத் தொப்பை. துணிக்கடை மக்பூல், வேண்டும்போது மைதானத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொள்ள நடுவரிடம் தனி அனுமதியே பெற்றிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் அப்படிப்பட்டது அல்ல. அது மேல் டிவிஷனும் கீழ் டிவிஷனும் மோதுகிற ஆட்டம். ஒரே தோட்டம், ஒரே ஃபேக்டரி, இடையில் ஓர் ஓடை. பாதிக்குப் பாதி பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். அந்த ஆட்டத்துக்கு முந்தின வாரம் ஓடைக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் யாரும் கல்யாணம் பேசக்கூடப் போவதில்லை.

ஜெயிக்கிறவர்களுக்கு ஒரு கோப்பை. அது அழகையாவின் தகப்பனார், இலங்கையில் பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டத்தில் கேப்டனாக இருந்தபோது வாங்கியது. ஊரைக் காலி செய்து வந்தபோது மற்றவர்கள் தையல் மிஷினும் ரேடியோவும் தூக்கி வந்தார்கள். அவர் இந்தக் கோப்பையை வேட்டியில் சுற்றித் தலைமன்னாரில் கப்பலேற்றினார். சேரங்கோட்டில் வேலை கிடைத்து இரண்டாம் வருடம் அதை இரண்டு டிவிஷனுக்கும் பொதுவில் வைத்தார். கூடவே ஒரு விதியும் வைத்தார்: தொடர்ந்து மூன்று வருடம் ஜெயிக்கிறவர்கள் கோப்பையைத் திருப்பித் தர வேண்டாம். அந்த மூன்று வருடம் யாருடையது என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. மகன்தானே கேப்டன்.

அவர் காலமான பிறகு கீழ் டிவிஷன் இரண்டு வருடம் தொடர்ந்து ஜெயித்தது. கோப்பை இப்போது இருளப்பன் வீட்டில் இருந்தது. இந்த ஞாயிறும் தோற்றால், தகப்பனார் கடல் தாண்டிக் கொண்டுவந்த பொருள், தகப்பனார் போட்ட விதிப்படியே, மச்சான் வீட்டுக்குச் சொந்தமாகிவிடும். அழகையாவுக்கு ஒரு மாதமாகச் சோறு இறங்காததற்கு இதுதான் காரணம். வயிற்றுக் கோளாறு என்று சிலர் நினைத்தார்கள்.

போன வாரம் அவர் ஹாஜா பாய் கடையில் பருப்பு வாங்கினார். பொட்டலம் கட்டிய பேப்பரில் கால்பந்துச் செய்தி இருந்தது. கல்கத்தாவில் பெரிய ஆட்டத்துக்கு முந்தி வருகிற சின்ன ஆட்டத்தில், அணிக்குத் தூணாக இருக்கிறவர்களை ஆட விடாமல் உட்கார வைத்து ஓய்வு கொடுக்கிறார்களாம். அழகையா பருப்பை டப்பாவில் கொட்டிவிட்டுப் பேப்பரை நீவி மடித்து வைத்துக்கொண்டார். யாரிடமும் ஆலோசனை கேட்கவில்லை. அந்தக் குடும்பத்தில் கேப்டன்கள் ஆலோசனை கேட்கிற வழக்கம் இல்லை.

அப்படியாக, வெள்ளிக்கிழமை காலை பெரட்டுக் களத்தில் அவர் பெயர் எழுதிய சீட்டைப் பிரித்து, எண்பது பேரும் கேட்கும்படி படித்தார்.

"கல்கத்தா வழக்கப்படி, இன்னைக்கு நடக்கிற ஆட்டத்தில் ஓய்வு கொடுக்கப்படுகிற தூண்கள். ஒன்று, வடிவேல். இரண்டு, லிங்கசாமி. மூன்று, அழகையா."

தம் பெயரைத் தாமே கடைசியாகப் படித்ததில் ஓர் அடக்கம் இருந்தது. அதைக் கவனித்தவர்கள் குறைவு. பிறகு ஆடப் போகிறவர்களின் பெயரைப் படித்தார். ஆறு வருடமாக மைதானத்து ஓரத்தில் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் நின்ற நாச்சிமுத்துவின் பெயர் அதில் முதலாவதாக வந்தது. நாற்பது வயசு நாச்சிமுத்து மருந்து டின்னைக் கீழே வைத்தார். காதில் விழுந்தது சரிதானா என்று தெரியாமல் மறுபடியும் தூக்கிக்கொண்டார்.

ஹெர்பர்ட் பேரேட்டிலிருந்து தலையைத் தூக்கினார். அவர் கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர்; மரியாதை குறையாமல் பேசுவார்.

"ஏனுங்க அழகையா, அப்ப நீங்க மூணு பேரும் ஆடறதில்லீங்களா?"

"இல்லைங்க. ஓய்வு."

"ஓய்வுங்களா. சரீங்க. ஆனா மேட்சுக்குப் பேர் போடறது ஆடற பதினோரு பேருக்குத்தானுங்க. ஆடாதவங்க வேலைக்குப் போகோணுமுங்க."

பேரேட்டில் பேர் விழுந்தால்தான் அன்றைக்குக் கூலி.

"போறோம்," என்றார் அழகையா. "அவங்கவங்க வேலைக்குத்தானே. நான் நர்சரிக்கு, வடிவேல் ஃபேக்டரிக்கு, லிங்கசாமி காவலுக்கு."

நல்ல ஆட்டக்காரர்களுக்குத் தோட்டத்தில் இலேசான வேலைதான் கொடுத்திருந்தார்கள். நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றுவதும், சலித்த தூளைப் பார்ப்பதும், தடியோடு கேட்டில் உட்கார்ந்திருப்பதும் ஒரு வகையில் ஓய்வுதான்.

"அதெல்லாம் ஆள் போயாச்சுங்களே. வருசா வருசம் நீங்கதானே ஆடறீங்க, அதனால நேத்தைக்கே மாத்து ஆள் எழுதீட்டனுங்க. இன்னைக்கு ஆள் பத்தாம கெடக்கறது கவ்வாத்து ஒண்ணுதானுங்க. ஏழாம் நம்பர் மலை."

கவ்வாத்து என்பது முற்றிய தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி விடுகிற வேலை. மணிக்கட்டுப் பருமன் கொம்பு. நாள் முழுக்கக் குனிந்தே நிற்க வேண்டும். தோட்டத்தில் அதைவிடக் கடினமான வேலை ஒன்று இருப்பதாக யாரும் இதுவரை சொன்னதில்லை.

இருளப்பன் தொண்டையைச் செருமினார். அந்த வாரம் இரண்டு டிவிஷன் ஆட்களும் சேர்ந்து கவ்வாத்துக்குப் போனார்கள். ஆட்களைக் கூட்டிப் போகத்தான் அவர் ஓடை தாண்டி வந்திருந்தார்.

"ஏழாம் நம்பர் மலைக்கு இன்னைக்கு நான்தான் கங்காணி," என்றார்.

வடிவேல் கேப்டன் பக்கத்தில் நெருங்கி நின்றான். "அண்ணே, எனக்கு ஓய்வு வேணாம்ணே. நான் களைப்பாவே ஆடிக்கிறேன்."

ஹெர்பர்ட் நல்ல மனிதர். "வேணும்னா பேரை மாத்திக்கோங்க அழகையா. நான் இன்னும் பேனாவை மூடலீங்க."

"மாத்திக்கட்டும் ஐயா," என்றார் இருளப்பன். "மாப்பிள்ளை ஏதோ தெரியாம வாசிச்சுட்டாரு. கண்ணாடி போடுற வயசு வந்துருச்சுல்ல."

மாற்றியிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அந்தக் குடும்பத்தில் நாலு பேர் முன்னால் படித்ததைத் திருப்பி எடுக்கிறதில்லை. இது பெருமைக்குச் சொல்வது அல்ல. பெருமைப்படும்படி அன்றைக்கு எதுவும் நடக்கவும் இல்லை.

"கத்தியைக் குடுங்க மச்சான்," என்றார் அழகையா.

ஏழாம் நம்பர் மலையிலிருந்து பார்த்தால் மைதானம் தெளிவாகத் தெரியும். அன்று மூடுபனி இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். இல்லை. பத்து மணிக்கு விசில் சத்தம் மேலே கேட்டபோது மூவரும் பத்தாவது செடியில் இருந்தார்கள். ஒரு நாள் கூலிக்கு ஆளுக்கு நூற்றிருபது செடி.

இருளப்பன் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தார். வேலையில் அவர் யாருக்கும் அநியாயம் செய்கிறவர் அல்ல. எல்லாருக்கும் ஒரே அளவுதான் பார்த்தார். மாப்பிள்ளையின் வரிசையில் மட்டும் கொஞ்சம் அதிக நேரம் நின்றார்.

"மாப்பிள்ளை, அந்தக் கொம்பு ஒசரமா நிக்குது பாருங்க. அவசரம் இல்ல. ஓய்வா வெட்டுங்க."

அழகையா வெட்டினார்.

"கல்கத்தாவிலே ஒரு ஆளுக்கு எத்தனை செடியாம்?"

அழகையா அடுத்த செடிக்குப் போனார்.

கீழே மைதானத்தில் சத்தம் எழுந்தது. லிங்கசாமி நிமிர்ந்து பார்த்தான். நிமிர்வதற்கே இரண்டு தவணை ஆனது. "நாச்சிமுத்து கோல் போட்டுட்டாருண்ணே."

"பந்து மேல பட்டிருக்கும்," என்றான் வடிவேல். அவன் உள்ளங்கையில் அதற்குள் இரண்டு கொப்புளம்.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் சத்தம். "திரும்பவும் அவர்தாண்ணே."

வடிவேல் அடுத்த கொம்பை ஒரே வெட்டில் சாய்த்தான்.

பகலில் அன்னக்கிளி கொழுந்துக் கூடையை நிறுவையில் கொடுத்துவிட்டு, போத்தலில் வெறும் தேத்தண்ணியோடு மேலே ஏறி வந்தாள். மூவரும் வெட்டின கொம்புகளின் மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"எல்லாத் தூணும் இங்கதான் சாஞ்சிருக்கா," என்றாள். கணவனுக்கு ஊற்றிக் கொடுத்தாள். "நேத்து எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா?"

"ஆட்டத்துக்குப் போகாதவனுக்கு மலையில வேலைன்னு கொழுந்தெடுக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். எங்களை எவன் ஆடக் கூப்பிட்டான்? நீங்க ஒரு ஆட்டம் விடாம ஆடினதுல அது உங்களுக்கு மட்டும் தெரியாமப் போச்சு."

அழகையா தேத்தண்ணியைக் குடித்தார். சூடாக இருந்தது என்று மட்டும் சொன்னார்.

மாலையில் இரண்டாம் அணி நாலுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்து வந்தது. எல்லாருடைய உதட்டிலும் நெய் மினுமினுத்தது. ஹாஜா பாய் மூன்று தடவை சோறு வைத்தாராம். நாலாவது தடவை வைக்க வந்தபோது நாச்சிமுத்து இலையை மடித்துவிட்டதற்கு அவர் கோபித்துக்கொண்டாராம். மலையிலிருந்து இறங்கியவர்களிடம் இதையெல்லாம் விரிவாகச் சொன்னார்கள். சொன்னவர்கள் பகல் முழுக்க நன்றாகத் தூங்கி எழுந்தவர்கள் மாதிரி இருந்தார்கள்.

சனிக்கிழமை மூன்று வீட்டிலும் தைல வாசனை. வடிவேலால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. லிங்கசாமிக்குக் கை தோளோடு நின்றுவிட்டது. கோலுக்குள் வருகிற பந்து தோளுக்கு மேலேயும் வரும் என்பதுதான் சிக்கல். அழகையா காலையில் கழன்று விழுந்த செருப்பைச் சாயங்காலம் வரை வாசலிலேயே விட்டு வைத்திருந்தார்.

அன்னக்கிளி அவர் முதுகில் தைலம் தேய்த்தாள்.

"நாளைக்கு யாரை இறக்கப் போறீங்க?"

"வழக்கம்போலத்தான்."

"எந்திரிச்சு அந்தச் செருப்பை எடுங்க பாப்போம்."

அவர் எழவில்லை. "கேப்டன் வெளிய உக்காந்தா ஊர் என்னா சொல்லும்?"

"சொல்றதை நாங்க கேட்டுக்கிறோம். மாமா கொண்டாந்த கோப்பை எங்க இருக்கணும்னு மட்டும் நீங்க பாருங்க." கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாள். "எங்க அண்ணன் நேத்து பூராவும் உங்க மூணு பேரையும்தான் பாத்துக்கிட்டு நின்னாரு. நிமிர முடியாட்டியும் நாளைக்கு நீங்கதான் வந்து நிப்பீங்கன்னு அவருக்குத் தெரியும். ரெண்டு ஓரத்திலயும் பந்தைப் போட்டு ஓட விட்டாப் போதும்னு இப்பவே அவரு ஆளுங்ககிட்ட சொல்லியிருப்பாரு. நீங்க எப்படிப்பட்ட ஆளுன்னு அவரு கணக்குப் போட்டு வச்சிருக்காரு."

"நீ எந்தப் பக்கம்? அண்ணன் பக்கமா, இந்தப் பக்கமா?"

"நான் கோப்பையைப் புளி போட்டு விளக்குற பக்கம். அங்க அண்ணி அதுல ஊதுபத்தி சொருகி வச்சிருக்கா."

அழகையா கழுத்தை மட்டும் திருப்பினார். ஊதுபத்தி சங்கதி அவருக்கு அதுவரை தெரியாது.

"சாம்பல் அதுக்குள்ளேயேதான் விழுதா?" என்று கேட்டார்.

"வேற எங்க விழும்?"

அன்று இரவு அவர் புதுச் சீட்டு எழுதினார்.

ஞாயிறு மூன்று மணிக்கு மைதானத்தைச் சுற்றி ஆயிரம் பேர் நின்றார்கள். நடுவர் ஹெர்பர்ட். இருளப்பன் மூக்கைச் சுருக்கிக்கொண்டு வந்தார்.

"என்னா மாப்பிள்ளை, ஊட்டி தைலக் கடை இங்க வந்துருச்சா? காத்து பூராவும் வீசுது."

"உங்க மலைக் காத்துதான் மச்சான்," என்றபடி அழகையா சீட்டை ஹெர்பர்ட்டிடம் நீட்டினார்.

வெள்ளிக்கிழமை ஆடிய அதே பதினோரு பேர். கேப்டன் என்ற இடத்தில் நாச்சிமுத்து. தம் பெயரை அவர் மாற்று ஆட்கள் பட்டியலில், அங்கேயும் மூன்றாவதாக, எழுதியிருந்தார். அதை எழுத எவ்வளவு நேரம் ஆனது என்று அன்னக்கிளிக்கு மட்டும் தெரியும். அவள் சொன்னதில்லை.

இருளப்பன் சீட்டை எட்டிப் பார்த்தார். பிறகு தம் ஆட்களைப் பார்த்தார். ஓட முடியாதவர்களை ஓட விடுவதற்கென்று வந்திருந்த ஆட்கள் அவர்கள். எதிரே ஹாஜா பாயின் சோறு தின்ற பதினோரு பேர் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆட்டம் அழகாக இருந்தது என்று சொல்ல முடியாது. பந்து பாதி நேரம் ஓடைக்குள் கிடந்தது. இடைவேளையில் ஒன்றுக்கு ஒன்று. அழகையா கோட்டுக்கு வெளியே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கீழ் டிவிஷன் பெண்கள் இந்தப் பக்கம் பார்த்து, "கேப்டனுக்கு நாற்காலி வேணுமா?" என்று கேட்டார்கள். உட்கார்ந்தால் திரும்ப எழ முடியாது என்பதால் அவர் நின்றே பதில் சொன்னார்: "வேண்டாம்மா."

முடிய பத்து நிமிஷம் இருக்கும்போது மேல் டிவிஷன் ஆள் ஒருவருக்குக் கணுக்கால் பிசகியது. உள்ளே அனுப்ப மூன்று பேர்தான் இருந்தார்கள். லிங்கசாமி கோல் காக்கிறவன்; கோலுக்கு வெளியே அவனால் உபயோகம் இல்லை. அழகையாவால் குனிய முடியாது. வடிவேலால் ஓட முடியாது.

"போய்ச் சும்மா நில்லு," என்றார் அழகையா. "பதினோரு பேர் இருக்கிற மாதிரித் தெரிஞ்சாப் போதும்."

வடிவேல் நடந்தே உள்ளே போனான். கோலுக்கு இருபது அடி தள்ளி இடுப்பில் கைவைத்து நின்றான். கை இடுப்பில்தான் வலிக்காமல் இருந்தது. ஆனால் ஆறு வருடமாக அவனிடம் கோல் வாங்கியவர்களுக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது. ஒருவன் ஓடி வந்து அவன் பக்கத்தில் நின்றான். பிறகு இரண்டாமவன். அவன் ஏன் இவ்வளவு அமைதியாக நிற்கிறான் என்று பயந்து மூன்றாமவனும் வந்தான்.

"அவனை விடுங்கடா," என்று இருளப்பன் கத்தினார். "அவனால ஒண்ணும் முடியாது. நான்தானே வேலை வாங்கினேன். விடுங்கடா."

யாரும் விடவில்லை. கங்காணியின் வார்த்தையைவிட வடிவேலின் இடது கால் அவர்களுக்கு அதிகம் பழக்கம்.

பந்து வலது ஓரத்திலிருந்து உருண்டு வந்தது. அது வந்த வழியில் நாச்சிமுத்து தனியாக நின்றார். அவரைக் காவல் காக்க வேண்டிய ஆள் வடிவேலின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தான். நாச்சிமுத்து உதைத்தார், பந்து காலில் படாமல் முழங்காலுக்குக் கீழே எலும்பில் பட்டு, மெதுவாக, வெகு மெதுவாக, கோலுக்குள் போனது.

இரண்டுக்கு ஒன்று. அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை.

இருளப்பன் வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கோப்பையை வரவழைத்தார். சாம்பலைத் தட்டிக் கொட்டிவிட்டுத் தாமே இரண்டு கையாலும் கொடுத்தார்.

"அடுத்த வருசம் எனக்கும் கொஞ்சம் ஓய்வு குடுக்கச் சொல்லிக் குடுங்க மாப்பிள்ளை."

"ஏழாம் நம்பர் மலையில இடம் இருக்கு மச்சான். நான் கங்காணியா வரேன்."

கோப்பையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டச் சொல்லிக் கூட்டம் கூச்சலிட்டது. அழகையா மார்பு வரை தூக்கினார். அதற்கு மேல் அன்னக்கிளி வாங்கிக்கொண்டாள். உள்ளே விரல் விட்டுப் பார்த்து, "புளி நிறைய வேணும்," என்றாள். அண்ணி அதைக் கேட்டதாகத்தான் தெரிகிறது. அந்த வருடத் திருவிழாவுக்கு அவள் இந்தப் பக்கம் வரவில்லை.

இந்த ஆட்டத்தைப் பற்றி இப்போது கூடலூர் வரை ஒரு பேச்சு இருக்கிறது. மச்சானை ஏமாற்றுவதற்காகவே அழகையா மூன்று பேரையும் கவ்வாத்துக்குக் கூட்டிப் போனார். இருளப்பன் கண் முன்னாலேயே களைத்துப்போன மாதிரி நடித்தார். நாச்சிமுத்துவை வெள்ளிக்கிழமையே பழக்கி வைத்தார். கடைசிப் பத்து நிமிஷத்துக்கு வடிவேலைப் பத்திரப்படுத்தி வைத்தார். எல்லாமே கல்கத்தாக்காரர்களுக்கும் தோன்றாத திட்டம் என்று சொல்கிறார்கள். நல்ல எண்ணத்தோடு சொல்வதாகவே இருக்கட்டும். திட்டம் எதுவும் இல்லை. ஆடாதவர்கள் வேலைக்குப் போக வேண்டும் என்பது அழகையாவுக்குத் தெரிந்திருக்கவில்லை.